ஏர் ஃப்ரையருக்கு வைத்த பொட்டு

எங்கள் வீட்டில் ஒவ்வொரு பொருளுக்கும் பிறந்தநாள் உண்டு. அதை நினைவில் வைத்திருப்பது என் வேலை. அதற்காக என்னைக் கேலி செய்வது என் மனைவியின் வேலை. மிக்ஸி, கள்ளக்குறிச்சி தனி மாவட்டம் ஆன வருஷத்துக் கார்த்திகையில் வந்தது. ஃப்ரிட்ஜ் ஊரடங்கு வருஷத்தது. பாதி இறக்கிய ஷட்டருக்குக் கீழே குனிந்து போய் விலை பேசினேன். ஏர் ஃப்ரையர் போன புரட்டாசியில், ஆயுத பூஜைக்கு முந்தின நாள் வந்தது. எண்ணெயில் முக்காமல், சூடான காற்றைச் சுழற்றியே பொரித்துத் தருகிற கறுப்புப் பெட்டி. பார்ப்பதற்குத் தலை இல்லாத ஹெல்மெட் போல இருந்தது.

பெங்களூரில் வேலை பார்க்கும் எங்கள் மகள் கூரியரில் அனுப்பியிருந்தாள். பிரித்து வைத்ததும் என் மனைவி அவளுக்குப் போன் போட்டாள்.

"இதுல இன்னாடி செய்யறது?"

"மீட்பால்ஸும்மா. ஏஷியன் ஸ்டைல். கறி உருண்டை மாதிரிதான், சோயா சாஸ், இஞ்சி, தேன் எல்லாம் போட்டு. மாமாவுக்காகத்தான் அனுப்பினேன்."

மனைவி என் பக்கம் திரும்பினாள். "புரட்டாசி மாசத்துல கறி செய்யற மிஷின அனுப்பி வெச்சிருக்கறா பாருங்க உங்க பொண்ணு." மகள் நல்லது செய்தால் அவளுடைய பொண்ணு, நாள் பார்க்காமல் நல்லது செய்தால் என்னுடைய பொண்ணு. "அது இன்னாங்க ஏஷியன்?"

"ஆசியாக்காரங்க செய்யற மாதிரி."

"அப்ப நாம? கள்ளக்குறிச்சி இன்னா ஆப்பிரிக்காவுலயா இருக்குது?"

நான் பெட்டியோடு வந்த கையேட்டைப் புரட்ட ஆரம்பித்தேன்.

மகள் மாமா என்று சொன்னது என் மனைவியின் தம்பியை. எனக்கு மச்சான். வடக்கனந்தலில் கரும்பும் மரவள்ளியும் பயிர் செய்கிறார். ஆடியில் அவருக்கு நெஞ்சு வலி வந்து, சேலத்துக்குக் கொண்டுபோய் ஸ்டென்ட் வைத்துக் கூட்டிக்கொண்டு வந்தோம். எண்ணெயில் பொரித்ததை விட்டுவிடுங்கள், ஆட்டுக்கறியை விட்டுவிடுங்கள், தோல் நீக்கிய கோழி அளவாக ஆகலாம் என்றார் டாக்டர். மச்சான் எல்லாவற்றுக்கும் தலையாட்டினார்.

ஆவணியில் களமருதூரில் ஒரு காதுகுத்து. வரிசையாக எல்லா இலைகளிலும் பிரியாணி விழுந்தது. மச்சான் இலையில் மட்டும் தயிர்சாதம். பரிமாறியவர் நல்ல மனசோடுதான், பந்தி முழுக்கக் கேட்கும்படி, "இவுருக்கு ஆவாதுப்பா, ஹார்ட்டு!" என்று சொல்லிக்கொண்டே தாண்டிப் போனார். எதிர் வரிசையில் இருந்த ஒருவர், "த்சு" என்றார். கறியை விட்டதுகூட மச்சானுக்குப் பழகியிருக்கும். அந்த "த்சு" பழகவில்லை. அதற்குப் பிறகு அவர் எந்த விசேஷத்துக்கும் போகவில்லை. மொய்யை மனைவியிடம் கொடுத்தனுப்பிவிட்டு வீட்டிலேயே இருந்துகொண்டார்.

நல்லவேளை, புரட்டாசி பிறந்தது. அந்த மாதம் முழுக்க ஊரே தயிர்சாதக் கட்சி. மச்சான் தைரியமாக வெளியே வந்தார். சனிக்கிழமைதோறும் எங்கள் வீட்டில் பெருமாளுக்குப் படைத்ததைச் சாப்பிட்டுவிட்டு, "புரட்டாசில எல்லாருமே ஹார்ட் பேஷண்டுதான் மாமா" என்று சொல்லிச் சிரிப்பார். அவருடைய அக்கா மட்டும் சிரிக்கமாட்டாள். புரட்டாசிக்குப் பின்னால் ஐப்பசி நிற்பது அவளுக்குத் தெரிந்திருந்தது. எங்கள் வீட்டில் தீபாவளியன்று நோன்பு, மறுநாள் கறி. அந்த மறுநாளில் அக்கா கையால், ஆட்டுக்கறியை அரைத்து எண்ணெயில் பொரித்த கோலா உருண்டை சாப்பிட மச்சான் வராத வருஷம், எங்களுக்குக் கல்யாணமான நாளிலிருந்து ஒன்றுகூட இல்லை. இது என் கணக்கு. என் கணக்குகளில் இதை மட்டும் அவள் கேலி செய்ததில்லை.

ஆயுத பூஜையன்றும் மச்சான் வந்தார். தையல் மிஷின், அரிவாள்மனை, கத்திரிக்கோல், ஸ்கூட்டர் சாவி, என் பேனாக்கள் எல்லாவற்றுக்கும் சந்தனம் குங்குமம் வைத்து முடித்திருந்தாள் என் மனைவி. டி.வி.க்குப் பக்கத்தில் இருந்த கறுப்புப் பெட்டியை மச்சான் பார்த்தார்.

"இது இன்னா மாமா?"

"ஏர் ஃப்ரையர்."

"ஏரா?" அவர் குரல் உயர்ந்தது. "யக்கா! இன்னா பூஜ பண்ற நீ? கத்திரிக்கோலுக்கெல்லாம் பொட்டு வெச்சிக்கினு, ஏரை வுட்டுட்டியே!"

இந்த ஏர் உழுகிற ஏர் இல்லை, இங்கிலீஷில் காற்று என்று விளக்க நான் வாயைத் திறந்தேன். அதற்குள் சந்தனக் கிண்ணத்தோடு என் மனைவி வந்துவிட்டாள். "ஏர் பூட்டுன வூட்ல பொறந்தவ நானு. எனக்கே சொல்லித் தர்றியாடா?" பெட்டிக்கு நெற்றி என்று அவளுக்குப் பட்ட இடத்தில் பெரிய சந்தனப் பொட்டு விழுந்தது, நடுவில் குங்குமம். கூடையை இழுத்து உள்ளே ஒரு பிடி பொரியும் பொட்டுக்கடலையும் போட்டு மூடினாள். வண்டிச் சக்கரத்துக்கு வைக்கிற எலுமிச்சம்பழம் ஒன்றை அதன் அடியில் செருகிவிட்டு, "ஓட்டுங்க மாமா" என்றார் மச்சான். அது ஓடாது என்பதால் பழம் பிழைத்தது.

ஐப்பசி பிறந்ததும் மனைவி தம்பிக்குப் போன் செய்தாள். கைவேலையாக இருந்ததால் ஸ்பீக்கரில் போட்டிருந்தாள், எனக்கும் கேட்டது.

"நோன்புக்கு மறுநாளு வந்துடு. உனக்குன்னு கோழியில, எண்ணெய் இல்லாம, புது மிஷின்ல உருண்ட செஞ்சி வெக்கறேன்."

"வேணாங்க்கா."

"ஏன்டா?"

"ஒரே பந்தியில எனக்கு ஒண்ணு, அவங்களுக்கு ஒண்ணுன்னா அது பந்தி வஞ்சனக்கா. வெக்கற கைக்கும் ஆவாது, தின்ற வாய்க்கும் ஆவாது. நீங்க நல்லா சாப்புடுங்க. நான் வூட்லயே இருந்துக்கறேன்."

வரிசையில் உட்கார்ந்தவர்களுக்குள் ஓர் இலைக்கு உயர்த்தியும் ஓர் இலைக்குத் தாழ்த்தியும் பரிமாறுவதுதான் பந்தி வஞ்சனை. எங்கள் பக்கம் வரப்புத் தகராறைக்கூட ஒரு தலைமுறையில் மறந்துவிடுவார்கள். இதை மறக்கமாட்டார்கள். மனைவி கைவேலையைக் கீழே வைத்தாள். பிறகு பேசினாள்.

"வஞ்சனையே கெடையாதுடா. அன்னிக்கி எல்லாருக்கும் அதே உருண்டதான். உங்க மாமாவுக்கும் அதான்."

நான் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன். என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. எனக்கு ரத்தக் கொதிப்புகூடக் கிடையாது.

"மாமா ஒத்துக்குவாரா?"

"அவுரு இன்னா, தேதி போட்டு எழுதி வெச்சிக்குவாரு."

"சரி, பாக்கலாங்க்கா" என்றார் மச்சான். எங்கள் ஊரில் "பாக்கலாம்" என்றால் பெரும்பாலும் இல்லை என்று அர்த்தம். அதை அவளும் அறிவாள். ஆனாலும் அடுத்த ஞாயிற்றுக்கிழமையே ஒத்திகைக்கு நாள் குறித்துவிட்டாள்.

கோழிக்கடையில் எலும்பில்லாத கைமா கேட்டேன். கடைக்காரர் ஏற இறங்கப் பார்த்தார். "கொழந்தைக்கா சார்?" என்றார். "மச்சானுக்கு" என்றேன். அவர் கத்தியை எடுத்தார்.

மகள் போனில் சொல்லச் சொல்ல, மனைவி செய்தாள். கைமாவில் பொடியாக நறுக்கிய இஞ்சி, பூண்டு, வெங்காயத்தாள், சோயா சாஸ், முட்டையின் வெள்ளைக்கரு. பிடித்து நிற்க மரவள்ளி மாவு. ஜவ்வரிசி ஆலைகள் இருக்கிற சின்னசேலம் பக்கம் உறவு வைத்திருப்பவர்கள் வீட்டில் அதற்குப் பஞ்சமே கிடையாது.

"அப்புறம் செசமி ஆயில் ஒரு ஸ்பூன்" என்றாள் மகள்.

"அது இன்னா ஆயிலு?"

"நல்லெண்ணெய்" என்றேன் நான்.

"எண்ணெயே ஆவாதுன்னுதானே இந்த மிஷினு?"

"ஒரே ஒரு ஸ்பூன், வாசத்துக்கும்மா. அப்பா, நம்ம நல்லெண்ணெய் இல்லப்பா, அது எள்ளை நல்லா வறுத்து எடுக்கறது. வாசமே வேற."

அதற்குள் தீபாவளி எண்ணெய்க் குளியலுக்கு வாங்கி வைத்திருந்த நல்லெண்ணெயில் ஒரு ஸ்பூன் கைமாவுக்குள் போய்விட்டது. பிசையப் பிசைய, சமையலறையில் சனிக்கிழமைக் காலை வாசம் அடித்தது. அடுத்து பிரெட் தூள் வேண்டும் என்றாள் மகள். பிரெட் வாங்கவே இல்லை என்றேன். நாங்கள் இருவரும் அதைப் பற்றி யோசித்துக்கொண்டிருந்தபோது, சூடேறட்டும் என்று மனைவி போட்டுவிட்டிருந்த பெட்டிக்குள் ஆலங்கட்டி மழை பெய்கிற சத்தம் கேட்டது. ஆயுத பூஜைப் பொரியும் பொட்டுக்கடலையும் உள்ளே சுற்றிச் சுற்றி வந்துகொண்டிருந்தன. எடுத்து வாயில் போட்டுப் பார்த்தாள். நமத்துப் போயிருந்த பொரி அன்றைக்குப் பொரித்தது போல மொறுமொறுத்தது. அப்படியே மிக்ஸியில் போட்டு அரைத்துக் கைமாவில் கொட்டினாள். "பொட்டுக்கடல வுழுந்தாதான் இது உருண்டன்னு ஒரு நம்பிக்க வருது" என்றாள்.

பத்து உருண்டைகள்தான் கூடையில் கொள்ளும். அடுக்கியாயிற்று.

"சூடு எவ்வளவு காட்டுதுப்பா? எரநூறா? கொறைச்சு வைங்க. மைனஸை அமுக்குங்க."

கூட்டல் குறி பளிச்சென்று தெரிந்தது. கழித்தல் குறி சந்தனப் பொட்டுக்கு அடியில் இருந்தது. ஓடு போலக் காய்ந்திருந்த சந்தனத்தின் மேல் எத்தனை அழுத்தினாலும் பெட்டிக்கு உணர்ச்சியில்லை. ஈரத்துணியை எடுத்தேன்.

"இன்னா பண்றீங்க?"

"துடைக்கிறேன்."

"வெச்ச பொட்ட தொடைப்பாங்களா? நீங்க குத்துக்கல்லாட்டம் இருக்கும்போது?"

என் ஆயுளையே சாட்சிக்கு இழுத்த பிறகு என்ன செய்ய முடியும்? துணியைக் கீழே வைத்தேன்.

"மைனஸ் அமுக்கியாச்சாப்பா?" என்றாள் மகள்.

"மைனஸ் சாமிகிட்ட இருக்குதும்மா" என்றேன்.

உச்சச் சூட்டிலேயே வெந்து வந்தன உருண்டைகள். தட்டில் கொட்டியபோது கோலிக்குண்டு கொட்டுகிற சத்தம். ஒன்றைக் கடித்தேன். மனைவி என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எப்பிடி இருக்குது?"

"கொட்டைப்பாக்கை இஞ்சியில் ஊறவைத்த மாதிரி."

வழக்கமாக இதற்குச் சரியான பதில் ஒன்று கிடைக்கும். அன்று தட்டை எடுத்து உள்ளே வைத்துவிட்டு, "இத்த வெச்சிக்கினு அவன எப்பிடி வான்னு கூப்புடறது" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

மறுநாள் காலை குளித்துவிட்டு வந்தவள் நேராக ஏர் ஃப்ரையரிடம் போனாள். அதன் கைப்பிடியில் புதிதாக ஒரு பொட்டு வைத்தாள். வைத்துவிட்டுப் பழைய பொட்டை ஈரத்துணியால் நிதானமாகத் துடைத்தாள். "அழிச்சாதான் தப்பு. எடம் மாத்துனா தப்பில்ல." ஆயுசு முழுக்கப் பத்திரங்களை நகலெடுத்து உத்தியோகம் பார்த்தவன் நான். இவ்வளவு வில்லங்கமில்லாத மாற்றத்தை எந்தப் பத்திரத்திலும் கண்டதில்லை.

மைனஸ் மீண்டது. இரண்டாவது ஒத்திகையில் உருண்டை வெளியே மொறுமொறுப்பாகவும் உள்ளே மெத்தென்றும் வந்தது. கல்வராயன் மலைக்குப் போய்வந்தபோது மச்சான் வாங்கிக் கொடுத்திருந்த தேனைச் சோயா சாஸில் குழைத்து மேலே தடவினாள். நிறம் வண்டி ஆயில் போல இருந்தாலும் ருசி மோசமில்லை. இனி ஆள் வர வேண்டியதுதான் பாக்கி.

நோன்பு முடிந்த மறுநாள் காலையிலிருந்து ஐப்பசி மழை பிசுபிசுத்துக்கொண்டிருந்தது. மகளும் லீவுக்கு வந்திருந்தாள். எங்கள் மூவருக்கும் மூன்று இலை போதும். மனைவி ஐந்து இலைகளை நறுக்கிக் கழுவி வைத்தாள். வருவாரா என்று நாங்கள் கேட்கவில்லை. போன் செய்யவும் அவள் விடவில்லை. வாசலில் வண்டிச் சத்தம் கேட்கும்போதெல்லாம் கரண்டி நின்றது.

ஒரு மணி வாக்கில் மழைக் கோட்டும் தானுமாக மச்சான் வந்து நின்றார். பின்னால் அவர் மனைவி.

"பாக்கலாம்னுதானேக்கா சொன்னேன். பாத்துட்டு போலாம்னு வந்தேன்" என்றார். என்னைப் பார்த்து, "இன்னா மாமா, நீங்களும் இன்னிக்கி பேஷண்டா?" என்றார்.

அவர் கை கழுவப் போனதும் அவர் மனைவி என்னிடம் குரலைத் தாழ்த்தினாள். "வரமாட்டேன்னுதாங்கண்ணா நின்னாரு. வூட்ல எண்ணெய் டின்ன ஒளிச்சி வெக்கறதே எனக்கு பொழப்பா போச்சு. ஒரு நாளு அண்ணி அந்த வேலய பாக்கட்டும்னு இழுத்துக்கினு வந்தேன்."

இலை போட்டு உட்கார்ந்தோம். சோறு, ரசம், மிளகு போட்ட கோழிக் குழம்பு, ஐந்து இலைக்கும் ஒரே அளவு. உருண்டைக்குத்தான் சோதனை வந்தது. பெட்டியில் ஒரு தடவைக்குப் பத்துதான் வேகும். முதல் பத்து ஹாட் பாக்ஸில் காத்திருந்தது. இரண்டாவது பத்து அப்போதுதான் வெளியே வந்தது. அக்கா ஆயிற்றே, சூடான உருண்டைகள் தம்பி இலைக்குப் போயின. ஹாட் பாக்ஸில் வேர்த்துப் போனவை என் இலைக்கு வந்தன.

மச்சான் ஒன்றைக் கடித்தார். மொறுக்கென்றது. நானும் கடித்தேன். அவர் மெல்லுவதை நிறுத்தினார்.

"மாமா, உங்களுது சத்தமே வரலியே?"

"இது முதல் ஈடு. டப்பாவில் இருந்தது" என்றேன். பொய் சொல்லியிருக்கலாம், தோன்றவில்லை.

"எனக்கு சூடா மொறுமொறுன்னு, மாமாவுக்கு நமத்துப் போனதா?" அவர் அக்காவை நிமிர்ந்து பார்த்தார். "இன்னாக்கா இது? எல்லாருக்கும் ஒண்ணுன்னுதானே கூப்புட்ட?"

"டேய், பேசாம சாப்புடு."

"தாழ்த்தி வெச்சாதான் வஞ்சனையா? ஒசத்தி வெச்சாலும் வஞ்சனதானே?"

எழுந்துவிட்டார். சாப்பிடும்போது பாதியில் எழுவது எங்கள் வீடுகளில் சாதாரண விஷயம் இல்லை. மகள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். என் மனைவி ஹாட் பாக்ஸை இடுப்பில் இடுக்கியபடி அப்படியே நின்றாள். அந்த முகத்தை ஆடியில் சேலத்து ஆஸ்பத்திரி நடையில் ஒரு தடவை பார்த்திருக்கிறேன். ஆனால் மச்சான் இலையை மூடவில்லை. அதை நான் கவனித்தேன். வாசல் பக்கம் போகாமல் சமையலறைக்குள் போனார். கூடை இழுக்கப்படும் சத்தம் கேட்டது.

"யக்கா! மீதி உருண்ட எங்க? இத்த எப்பிடி பூட்டறது?"

எல்லோரும் எழுந்து ஓடினோம். மிச்சம் பிடித்து வைத்திருந்த உருண்டைகளை அவரே கூடையில் அடுக்கிக்கொண்டிருந்தார். "எல்லாரும் இங்கியே நில்லுங்க. ஒக்காந்தாதானே பந்தி? நின்னுக்கினே தின்னா வஞ்சன எங்கேர்ந்து வரும்?"

மகள் சூட்டைக் குறைத்து வைத்தாள். கிணிங் என்று மணி அடிக்கும்வரை ஐந்து பேரும் அந்தச் சின்ன சமையலறையில் தோளோடு தோள் இடித்துக்கொண்டு, கல்யாண வீட்டில் காப்பிக்குக் காத்திருப்பவர்கள் போல நின்றோம். மணி அடித்தது. கூடையிலிருந்தே ஆளுக்கொன்று எடுத்து, விரலை உதறி உதறி ஊதிச் சாப்பிட்டோம்.

"நல்லெண்ண வாசம் வருதே?" என்றார் மச்சான்.

"ஒரே ஒரு ஸ்பூனுடா."

"வரட்டும்க்கா. பேர்லயே நல்லது இருக்குது." இன்னொன்றை எடுத்தார். "ஆனா உண்மைய சொல்லணும். இது கோலா உருண்ட இல்ல."

மனைவியின் கை வாய்க்குப் போகும் வழியில் நின்றது.

"எல்லாருக்குமே இல்ல பாரு. அதான் நல்லா இருக்குது."

"நல்லா இல்லாததுக்கே மூணாவது எடுக்கறாரு பாருங்கண்ணா" என்றாள் அவர் மனைவி.

"நாலாவது" என்றேன் நான்.

புறப்படும்போது மச்சான் பெட்டியைத் தட்டிப் பார்த்தார். "யக்கா, இந்த ஏரை ரெண்டு நாளைக்கு குடு. நம்ம நெலத்துலயும் ஓட்டிப் பாக்கறேன்." அவர் மனைவி வண்டியின் பின்னால் உட்கார்ந்து, மழைக் கோட்டுக்குள் அதைக் குழந்தை போல அணைத்துக்கொண்டாள். கைப்பிடியில் இருந்த பொட்டு மட்டும் கோட்டுக்கு வெளியே தெரிந்தது.

இரண்டு நாள் என்றது கார்த்திகையைத் தாண்டிவிட்டது. மச்சான் ஞாயிற்றுக்கிழமை தவறாமல் வருகிறார், பெட்டியை இந்த வாரம் ஏன் கொண்டுவர முடியவில்லை என்று சொல்வதற்காக. ஒரு வாரம் கரெண்டு சரியில்லை. ஒரு வாரம் மாமியார் ஊர்க்காரர்கள் வந்துவிட்டார்கள். சொல்லிவிட்டு உட்கார்ந்து எங்களோடு சாப்பிட்டுவிட்டுப் போகிறார். பக்கத்துத் தெருக் கல்யாணத்துக்கும் போய்விட்டு வந்தாராம், அங்கே யாரோ "த்சு" என்றபோது, "உங்க வூட்ல ஏர் இருக்குதா?" என்று கேட்டாராம். அவர் வருகிற ஞாயிறுகளில் எண்ணெய்ச் சட்டி பரண்மேல் இருக்கிறது. என் கோலா உருண்டை எப்போது திரும்பும் என்பதற்கு மட்டும் என்னிடம் தேதி இல்லை.

போன வாரம் மகள் கேட்டாள்: "மிஷின் நல்லா ஓடுதாம்மா?"

"ஓடுது ஓடுது. வடக்கனந்தல்ல ஓடுது."

"ஐயோ, திருப்பிக் கேக்கலியா?"

"ஏரை குடுத்தவங்க வெதைக்கற காலத்துல திருப்பி கேப்பாங்களாடி?"

எங்கள் பக்கம் விதைப்பு முடிந்து வெகுநாள் ஆயிற்று. எப்போது முடிந்தது என்பதுகூட எனக்குத் தெரியும். நான் வாயைத் திறக்கவில்லை.